ஐயாயிரம் அடிக்குக் கீழே

என் எழுபத்து நான்கு வயதில் ஒரு சாவுச் செய்தியை நானே படித்தது அதுதான் முதல் முறை. அதற்கு முன்பு எத்தனையோ சாவுகள். எல்லாவற்றையும் யாராவது வந்து சொன்னார்கள். சொல்ல வருகிறவரின் முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கைப்பேசிக்கு முகம் கிடையாது.

புதன்கிழமை காலை புக்கிட் மெர்தாஜாமில் என் மகள் வீட்டுச் சமையலறையில் ரொட்டியைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் செய்தி வந்த சத்தம் கேட்டது. மகள் எடுக்க வந்தாள். "இரும்மா, நானே பாக்குறேன்" என்று சொல்லி, எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். 'என் கணவர் ஜக்கரியா இன்று காலை வஃபாத்தாகிவிட்டார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.' நடுவில் மூன்று புள்ளி எழுத்து ஒன்று வந்தது. அதை நான் பிள்ளைகளின் அரிச்சுவடியில் மட்டும்தான் பார்த்திருந்தேன். நிஜமான ஒரு செய்தியில் அதைக் கண்டதும், பசாரில் பழைய கூட்டாளியைக் கண்டதுபோல் இருந்தது. எங்கும் தடுக்காமல் முழுவதையும் படித்து முடித்தேன். மகளைப் பார்த்துச் சிரித்தேன். என்ன படித்தேன் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

"ஏம்பா சிரிக்கிறீங்க?" என்று அவள் கேட்டாள். கைப்பேசியை அவளிடம் நீட்டினேன்.

ஜக்கரியாவை அறிந்தவர்கள் இரண்டு வகை. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஒரு வகை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கணினியில் போர் விமானம் ஓட்டி அவரோடு சண்டை போட்டவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினருக்கு அவர் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்த்தவர், சர்க்கரை நோயால் வேலையை விட்டவர், ஐம்பத்திரண்டு வயதில் போய்விட்டவர். இரண்டாம் வகையினருக்கு அவர் ஒரு குரல். இரண்டு வகையினருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அவர் மனைவி ரஹ்மத்திடம் கேட்டுவிட்டுத்தான் அவரோடு பறந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுத வரும். இதை எழுத எனக்குப் பதினேழு நாள் ஆகியிருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் கைலியோடு அவர் என் வீட்டுக்குள் நேராக நடந்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். சுவர்ப் பக்கம் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "ரஹ்மத்து, நம்ம வீட்ல எப்ப முருகன் குடிவந்தாரு?" என்றார்.

"ரொம்ப நாளாச்சி தம்பி. இது என் வீடு" என்றேன்.

அவர் எழுந்து ஓடவில்லை. "அண்ணே, கண்ணு நடுவுல ரோசாக், பழுதாப் போச்சு. ஓரத்துல நல்லாத் தெரியுது. கதவுல இருக்கிற நம்பர்தான் தெரியல. யார்கிட்டயும் சொல்லாதீங்கலா" என்றார். சொல்லவில்லை. எனக்கும் கதவில் எண்ணைத் தவிர வேறு எதையும் படிக்கத் தெரியாது என்பதை அன்று அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு எங்கள் சிநேகிதம் தொடங்கியது.

அந்த வாரமே என்னைத் தன் கணினிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். வானத்தில் எதிரி விமானம் ஓரக்கண்ணில் தெரியும், அதை அவர் விடமாட்டார். ஆனால் திரையின் மூலையில் இரண்டு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்று வேகம், மற்றது உயரம். அவற்றை அவரால் படிக்க முடியாது. "அந்த ரெண்டையும் சொல்லிட்டே இருங்க, போதும்" என்றார்.

நான் துறைமுகத்தில் முப்பது வருடம் சிக்னல்மேனாக இருந்தவன். கப்பல் மேல்தளத்தில் நின்று, அடியில் இருக்கும் கிடங்கைப் பார்த்துக் கை காட்டுவேன். பளுதூக்கியை ஓட்டுகிறவனுக்குக் கிடங்கு தெரியாது. என் கையைத்தான் பார்ப்பான். இறக்கு என்பதற்கு நாங்கள் ஆரியா என்போம். நான் ஆரியா என்றால் இறக்குவான், நிறுத்து என்றால் நிறுத்துவான். எதிர்ப் பேச்சு கிடையாது. ஆகையால் முதல் நாள் விமானம் எதிரிக்கு மேலே போனதைக் கண்டதும் என் வாயில் தானாக "ஆரியா, ஆரியா" என்று வந்தது. அவரும் அந்த அதட்டலில் விமானத்தின் மூக்கைக் கீழே சாய்த்தார். நேராகக் கடலில் போய் விழுந்தோம்.

"அண்ணே, இறக்கச் சொன்னீங்களா, இறங்குதுன்னு சொன்னீங்களா?"

"இறக்கச் சொன்னேன்."

"அது என் வேலைலா. எனக்கு உத்தரவு வேணாம். உள்ளதைச் சொல்லுங்க. மீதிய நான் பாத்துக்கிறேன்."

உத்தரவு போட்டுப் பழகிய வாயை உள்ளதை மட்டும் சொல்லும் வாயாக மாற்ற எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதற்குள் நாங்கள் விழுந்த கடல்களுக்குக் கணக்கில்லை.

அவர் சண்டை போட்ட விதத்தை நீங்கள் எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். விமானத்தை ஓட்டும் குச்சியை அவர் வெடுக்கென்று இழுக்கவே மாட்டார். "ஒவ்வொரு திருப்பமும் வேகத்தத் தின்னும். பசிக்குத் தகுந்த மாதிரி குடுக்கணும்" என்பார். வேகம் நானூறுக்குப் பக்கத்தில் இருக்கும்போதுதான் விமானம் சுருக்கமாகத் திரும்பும். அதற்கு மேலே போனால் வட்டம் பெரிதாகிவிடும். முந்நூறுக்குக் கீழே வந்தால் மூக்கைத் திருப்பவே முடியாது. வேகம் கூடி எதிரியைத் தாண்டிப் போய்விடுவோம் என்றால், அவர் அதை வீணாக்காமல் மேலே ஏறுவார். ஏறும்போது வேகம் உயரமாக மாறிவிடும். மேலே கொஞ்சம் தங்கிப் பார்த்துவிட்டு எதிரியின் முதுகுக்குப் பின்னால் இறங்குவார். இறங்கும்போது உயரம் மறுபடி வேகமாகும்.

இது எனக்குச் சீக்கிரம் புரிந்தது. "சங்கிலியில தொங்குற சுமைக்குள்ள அது விழப்போற வேகம் இருக்கு தம்பி. மேல ஏத்தும்போதே நாம அத உள்ள வச்சிடறோம்" என்றேன். அவர் கை குச்சியிலிருந்து எடுபட்டது. விமானம் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. "இத நான் ஆறு மாசம் புஸ்தகத்துல படிச்சேன். நீங்க கப்பல்ல நின்னே கண்டுபிடிச்சிட்டீங்க" என்றார். படித்த ஒருவர் அப்படிச் சொன்னதை எண்ணி அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன்.

எழுத்தை எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அந்த விமானம்தான். சாகச விமானங்கள் வால் பக்கம் புகை விடுமே, அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, புகையால் வானத்தில் எழுதுவார். எழுதியது அவர் கண்ணுக்குத் தெரியாது. கை நினைவில் எழுதுவார். வெளியிலிருந்து பார்க்கும் காட்சியைத் திரையில் வைத்துக்கொண்டு நான் படிப்பேன். ட என்றால் நேராக இறங்கு, நிமிர்ந்து வலப்பக்கம் ஓடு, அவ்வளவுதான். ப என்றால் இறங்கு, ஓடு, பிறகு ஏறு. "இறங்குன அளவு ஏற முடியாதுண்ணே. காத்து கொஞ்சம் எடுத்துக்கும். அதனால ப-வோட வலது கை எப்பவும் குட்டையாத்தான் இருக்கும்" என்றார். நான் அப்படியே எழுதினேன். ரஹ்மத் என் நோட்டைப் பார்த்து, "ஏண்ணே உங்க ப எல்லாம் நொண்டுது?" என்று கேட்டார். அவர் கணவர் தேநீர்க் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ழ எழுத மூன்று வாரம் ஆனது. அவருக்கு அதைப் பறந்து எழுத, எனக்கு அதைப் படிக்க. கடைசியில் ஒரு நாள் வந்துவிட்டது. வெள்ளைப் புகையில் மேகத்துக்குப் பக்கத்தில் முழு ழ தொங்கியது. கலைவதற்குள் நான் சத்தமாகப் படித்தேன். அவர் என் முகத்தின் பக்கம் திரும்பி, கொஞ்சம் ஓரமாகப் பார்த்து, "நல்லா வந்திருக்கா?" என்றார். அவர் கண்ணிலிருந்து எழுத்துகள் போய்க்கொண்டிருந்தன என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவில் இல்லை. எனக்கு வந்துகொண்டிருந்தது ஒன்றுதான் தெரிந்தது. சந்தோஷத்தில் இருக்கும் மனிதன் பக்கத்தில் இருப்பவரைச் சரியாகப் பார்ப்பதில்லை.

ஒரு ஞாயிறு ஒலிவாங்கியை மூடாமல் விட்டுவிட்டார். நான் எண்ணை உரக்கச் சொன்னது உங்கள் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. பட்டர்வொர்த்திலிருந்து பறக்கும் தினேஷ்தான், "ஜக்கி அண்ணே, யாரு அது? வீட்ல ஏலம் போடுறீங்களா?" என்று கேட்டது. "பக்கத்து வீட்டு அண்ணன். துறைமுகத்து ஆளு. சும்மா இருக்க மாட்டாரு" என்று சமாளித்தார். எல்லாரும் சிரித்தீர்கள். அவர் மட்டும் வியர்த்திருந்தார். கண் தெரியாதவர் என்று தெரிந்தால் நீங்கள் விட்டுக்கொடுத்துப் பறப்பீர்கள் என்று அவருக்குப் பயம். "எனக்கு இப்பல்லாம் வேற எடத்துல எல்லாரும் கை புடிச்சிக் கூட்டிட்டுப் போறாங்க. இங்க ஒரு எடத்துலதான் என்னச் சுட வர்றாங்க" என்பார்.

உங்கள் கூட்டத்தில் நடுவர் கிடையாது. சண்டைக்கு ஐயாயிரம் அடியைத் தரை என்று வைத்துக்கொள்வீர்கள். அதற்குக் கீழே போனவர் செத்தவர். யாரும் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். போனவரே "தரை தொட்டேன்" என்று சொல்லி விலகிவிட வேண்டும். வெளியாட்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஜக்கரியா இந்த வழக்கத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார். ஆறு தடவை அவர் அப்படிச் சொல்லி விலகியிருக்கிறார். ஆறு தடவையும் எண்ணைச் சொன்னவன் நான்.

இனி அந்தக் கடைசி ஞாயிறு.

வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் போய்விட்டு வந்தவர், மிச்சம் இருக்கும் ஓரமும் போகத் தொடங்கிவிட்டது என்று என்னிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இந்த வருடப் போட்டியின் கடைசிச் சண்டை, தினேஷோடு. "இதோட முடிச்சிக்கிறேன். யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட மட்டும்" என்றார். அவர் ஒரு வருடமும் ஜெயித்ததில்லை.

பதினைந்தாயிரம் அடியில் நேருக்கு நேர் கடந்து திரும்பினார்கள். ஒருவரை ஒருவர் சுற்றிச் சுற்றிக் கீழே வந்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் உயரத்தைக் கொடுத்து வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டே வந்தார் ஜக்கரியா. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டாயிரம், முந்நூற்று எண்பது. ஒன்பதாயிரம், முந்நூற்று நாற்பது. ஏழாயிரம், முந்நூற்றுப் பத்து. கடைசிச் சுற்றில் தினேஷ் மூக்கைத் தூக்கி, வேகமெல்லாம் இழந்து, எங்களுக்கு முன்னால் கொஞ்சம் இடதில் தொங்கியதுபோல் நின்றார். அவர் பக்கம் திரும்பினால் போதும். ஆனால் எங்கள் வேகம் இருநூற்று எண்பத்தைந்து. முந்நூறு வேண்டும். அதை வாங்கக் கையில் உயரம் வேண்டும்.

"எவ்வளவுண்ணே?"

திரையில் ஐயாயிரத்து இருநூற்று ஐம்பது. அதைச் சொன்னால் அவர் நிமிர்ந்துவிடுவார். தினேஷ் தப்பிவிடுவார்.

"ஐயாயிரத்து அறுநூறு. இருக்கு தம்பி" என்றேன்.

அவர் மூக்கைச் சாய்த்தார். வேகம் முந்நூறைத் தொட்டது. திரும்பினார், சுட்டார். "செத்தேன்ணே. ஜெயிச்சிட்டீங்க" என்று தினேஷின் குரல் வந்தது. மற்றவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசினீர்கள். ஒலிவாங்கியை மூடிவிட்டு அவர் கேட்டார், "ரொம்பக் கீழ எவ்வளவு போனோம்?" நான் பார்த்த எண் நாலாயிரத்து எண்ணூற்று எழுபது. "ஐயாயிரத்து நூறு" என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன் தம்பி."

"நீங்க சொன்னா சரி" என்றார். பிறகு ஒலிவாங்கியைத் திறந்து உங்களுக்கு நன்றி சொன்னார்.

துறைமுகத்தில் முப்பது வருடத்தில் ஒரு பொய்க் கை காட்டியவன் இல்லை நான். அங்கே பொய்க் கை காட்டினால் கிடங்கில் நிற்பவன் செத்துப்போவான். இங்கே யாரும் சாகமாட்டார்கள், இது விளையாட்டு என்று எண்ணிக்கொண்டேன். அன்று மாலையே மருமகன் காரில் புக்கிட் மெர்தாஜாமுக்குப் போய்விட்டேன். போக வேண்டிய வேலை ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவர் கைப்பேசியில் கூப்பிட்டார். "அண்ணே, எப்ப வர்றீங்க?"

"வியாழக்கிழம வர்றேன் தம்பி. ஏன்?"

"ஒண்ணுமில்ல. ஒரு விஷயம் பேசணும். போன்ல வேணாம். நிதானமா வாங்க."

எனக்குப் புரிந்தது. புதன்கிழமை காலையிலேயே வந்திருக்கலாம். மருமகன் அன்றைக்கு எங்கள் ஜெலுத்தோங் இருக்கும் தீவுக்கு வேலையாகப் போவதாகத்தான் இருந்தார். அவரோடு வராமல் இருக்கத்தான் வியாழக்கிழமை என்று சொன்னேன்.

அடக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். மூன்று பிடி மண் போட்டேன். வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் தலை வைத்துப் படுத்தேன். அந்தச் சுவருக்கு அப்பால்தான் அவர் கணினி. அன்றிலிருந்து, நாங்கள் பறந்து பழகும் பகல் மூன்று மணிக்கு, அந்தப் பக்கத்திலிருந்து விமான இரைச்சல் எனக்குக் கேட்கிறது. இல்லை என்று தெரியும், கேட்கிறது. லிஃப்டில் இறங்கும்போது பதினொன்று, பத்து, ஒன்பது என்று எண்கள் குறைவதைப் பார்த்தால் என் வாய் அசைகிறது. ஒரு நாள் பக்கத்தில் நின்ற சீனப் பெண்மணி என்ன என்று கேட்டார். கணக்கு என்றேன்.

ஐந்தாம் நாள் ரஹ்மத் என்னைக் கூப்பிட்டார். கணினிக்கு முன்னால் இரண்டு நாற்காலியும் போட்டபடி இருந்தன.

"அண்ணே, திங்கக்கிழம நான் வேல முடிஞ்சி வந்ததும் அந்தச் சண்டையப் போட்டுக் காட்டச் சொன்னாரு. கம்ப்யூட்டர்ல பதிவாகி இருக்குமாமே. ரொம்பக் கீழ போன எடத்துல நம்பரப் படின்னாரு. நாலாயிரத்து எண்ணூத்தி எழுபதுன்னேன். இன்னொரு தடவ படின்னாரு. படிச்சேன். சரின்னுட்டு தேத்தண்ணி கேட்டாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "கோவப்பட்டாரா?"

"இல்லண்ணே. தினேஷுக்கு போன் போடவான்னு நான்தான் கேட்டேன். வேணாம், அண்ணன் வரட்டும், அவரே சொல்லுவாரு, அவரு பொய் சொல்ற ஆளு இல்லன்னாரு." ரஹ்மத் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "பொய்யக் கையில வச்சிக்கிட்டே சொல்றாரு பாருங்க."

அந்தப் பதிவைப் போடச் சொன்னேன். அவர் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போனார். விமானம் வந்தது. குரல் இல்லை, விமானம் மட்டும். ஜக்கரியாவின் கை திருப்பியதில் ஒன்றைக்கூட மறக்காமல் அது திரும்பியது. இழுக்காமல், வெடுக்கென்று எதுவும் செய்யாமல், பசிக்குத் தகுந்தபடி கொடுத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி இறங்கியது. கடைசிச் சுற்றில் அதன் மூக்கு சாய்வதற்கு முன் ஒரு கணம் தயங்குவதைக் கண்டேன். அப்போதுதான் அவர் என்னிடம் கேட்டது. நான் சொன்னது எதுவும் அங்கே பதிவாகவில்லை. விமானம் சாய்ந்தது மட்டும் பதிவாகியிருந்தது. பிறகு சண்டை முடிந்து அது நேராகப் போய்க்கொண்டே இருந்தது. "நீங்க சொன்னா சரி" என்று அவர் சொன்ன நேரம் அதுதான்.

தினேஷ் தம்பி, நாங்கள் தரை தொட்டோம். நாலாயிரத்து எண்ணூற்று எழுபது அடி. நீங்கள் சுடப்படுவதற்கு முன்பே நாங்கள் செத்துவிட்டோம். பொய் சொன்னவன் நான், அவர் அல்ல. இந்த வருடப் பட்டியலில் முதலில் இருக்க வேண்டியது உங்கள் பெயர். போட்டிக்கு அவர் பெயரை வைக்கப்போவதாக ரஹ்மத்திடம் சொன்னீர்களாம். வையுங்கள். ஒரு வருடமும் ஜெயிக்காத, ஏழு தடவை தரை தொட்டு ஏழு தடவையும் அதைச் சொன்ன ஒருவரின் பெயர் என்று தெரிந்துகொண்டு வையுங்கள். ஏழாவது தடவை கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார் ரஹ்மத். குச்சியை எடுத்துக்கொள்ளச் சொன்னார், நாற்காலியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் எதையும் எடுக்கவில்லை. திங்கள் மாலையிலிருந்து புதன் காலை வரை ஒரு மனிதர் என் பொய்யைத் தெரிந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல், நான் வந்து உண்மையைச் சொல்வேன் என்று நம்பிக் காத்திருந்தார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒன்றரை நாள்.